சலாட் தண்ணீர் விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “ஆடி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகினம். பிள்ளைகளுக்குப் பழமும் நட்ஸும் சீஸும் போட்ட பச்சை இலைச் சலாட் வேணுமாம். ஒருக்கா செய்து பார்த்தேன். மேசைக்குக் கொண்டுவர முன்னமே இலை சோர்ந்து, பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நின்றது. எங்கட பக்கம் நல்ல லெட்டூஸும் கிடைக்கிறதில்லை. என்ன செய்யலாம்?”

சகோதரி, கழுவிய இலையில் நின்ற ஈரம் ஒரு பக்கம், நேரத்தோடு போட்ட உப்பும் தேசிப்புளியும் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தண்ணீர். உப்புப் பட்டதும் இலை தனக்குள் இருக்கும் நீரை வெளியே விட்டுவிடும். ஈர இலையில் எண்ணெயும் ஒட்டாது, வழிந்து அடிக்குப் போய்விடும். இந்த இரண்டையும் கவனித்தால் போதும், மற்ற எல்லாம் உங்கள் கைக்கு வசப்பட்ட வேலைதான்.

முதலில் இலை. சந்தைக்கு வரும் லெட்டூஸ் பெரும்பாலும் மலையகத்திலிருந்து லொறியில் வருவது. ஆடி வெயிலில் அது வாடாமல் வந்து சேர்ந்தால்தான் புதுமை. வாங்கி வந்ததும் வெளி இலைகளைக் கழித்துவிட்டு, மற்றதைக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். இலை நீரை உறிஞ்சித் திரும்ப விறைக்கும். வீட்டில் வளர்க்க ஆசை என்றால் மாரி மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது விதையுங்கள். சூடு முப்பது பாகையைத் தாண்டினால் லெட்டூஸ் விதை சரியாக முளைக்காது. முளைத்தாலும் சீக்கிரம் பூத்தண்டு விட்டு, இலை கசந்துபோகும்.

ஆனால் லெட்டூஸையே நம்பி இருக்க வேண்டியதில்லை. நாங்கள் சம்பல் போடும் வல்லாரை, பச்சையாகச் சாப்பிடுவதற்கு லெட்டூஸை விட எவ்வளவோ மணமான இலை. அதன் கசப்புக்குப் பழத்தின் இனிப்பும் சீஸின் உப்பும் நன்றாகப் பொருந்தும். ஒரு பங்கு வல்லாரைக்கு இரண்டு பங்கு லெட்டூஸ் போடுங்கள். லெட்டூஸ் இல்லையென்றால் இளம் கோவாவை நூல் மாதிரி அரிந்து போடலாம். வெள்ளரிப்பிஞ்சு இருந்தால் விதைப்பகுதியை வழித்துவிட்டுச் சேருங்கள். முருங்கையிலை வறைக்குத்தான் நல்லது, பசளி கொழகொழக்கும், இரண்டும் இதற்கு வேண்டாம். மருந்தடித்த வயல் வரம்பில் முளைத்த வல்லாரையைப் பறிக்க வேண்டாம்.

இலையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசி அலசலைக் கொதித்தாறிய நீரில் செய்யுங்கள். பச்சையாகச் சாப்பிடப்போவது, கிணற்று நீரோடு விட்டுவிடக் கூடாது. பிறகு ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டில் இலையைக் கொட்டி, நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று வேகமாகச் சுழற்றுங்கள். துணி நனைந்து கனக்கும், நீர் தெறிக்கும். அப்புறம் உலர்ந்த துணியில் பரப்பி, நிழலில் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், நரம்போரம் நீர் மினுங்கினால் இன்னும் காயவில்லை. இந்த வேலையில் அவசரப்படாதீர்கள்.

பழத்துக்கு, நீர் குறைந்ததாகப் பாருங்கள். வத்தகப்பழம் பாத்திரத்தை நிரப்பிவிடும். ஆடியில் மாம்பழம் முடியும் தறுவாய், கிடைத்தால் முழுக்கப் பழுக்காத செங்காயாக எடுங்கள். இல்லையென்றால் கொய்யா, அதுவும் கடித்தால் நறுக்கென்று இருப்பது. மாதுளை முத்து கொஞ்சம் தூவினால் அழகு. அன்னாசியைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள நொதியம் பால் புரதத்தைச் சிதைக்கும், சற்று நேரம் சீஸோடு கிடந்தால் கசக்கத் தொடங்கும்.

நட்ஸ் என்று கொழும்புக் கடைகளில் தேட வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கினால் வறுத்த கச்சான் கிடைக்கும். பச்சைக் கச்சான் வாங்கினால் சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு வறுங்கள். பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பிள்ளைகளில் யாருக்காவது கச்சான் ஒவ்வாமை இருக்கிறதா என்று அண்ணாவிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிலருக்கு அது உயிராபத்து. இருந்தால் கச்சானை அந்தச் சமையலுக்கே எடுக்க வேண்டாம். கஜு போடலாமா என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளை இருந்தால் முழுதாகப் போடாமல் நன்றாக இடித்துத் தூவுங்கள், தொண்டையில் சிக்கும்.

சீஸுக்குக் கடைப் பெட்டிச் சீஸ் வாங்கலாம். அது மென்மையாக ஒட்டும், ஆகவே அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்துத் துருவுங்கள். ஆனால் பால் கறக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு லீற்றர் பசும்பாலைக் கொதிக்க வைத்து இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். பால் திரைந்து, பச்சை கலந்த மஞ்சளாய்த் தெளிநீர் பிரிந்ததும் புளி விடுவதை நிறுத்திவிடுங்கள், கூடினால் சீஸ் புளிக்கும். தெளியாமல் வெள்ளையாகவே கலங்கி நின்றால் இன்னும் சில துளி. துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் ஒருதரம் அலசி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி, துணியைச் சுற்றி மேலே தண்ணீர் நிறைந்த சட்டியை அரை மணி நேரம் வையுங்கள். நூற்றைம்பது முதல் இருநூறு கிராம் வரை தேறும், நாலைந்து பேருக்குத் தாராளம். எருமைப் பாலென்றால் இன்னும் கூடுதலாக வரும்.

விடும் சாறு சுலபம். ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி, இரண்டரை மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி தேன், உப்பு, இடித்த மிளகு. ஒரு போத்தலில் போட்டு மூடிக் குலுக்குங்கள். நல்லெண்ணெயின் மணம் தூக்கலாக இருக்கும், ஆகவே பாதி நல்லெண்ணெய், பாதி மணமில்லாத வேறு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது இருபத்துநான்கு பாகையளவில் உறையும், குளிர்ந்த இலையில் பட்டால் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும்.

எல்லாரும் மேசையில் உட்கார்ந்த பிறகே சாற்றை விடுங்கள். எண்ணெயை முதலில் பூசினால் இலை வாடாது என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. இலையின் மேல் உள்ள மெழுகுத் தோலைத் தண்ணீர் கடக்காது, எண்ணெய் மெல்ல ஊடுருவிவிடும். அகன்ற பாத்திரத்தில் இலையைப் போட்டு, சாற்றில் பாதியை மட்டும் விட்டு, கையால் அடியிலிருந்து மேலே தூக்கிப் பிரட்டுங்கள். சுவை பார்த்து மிச்சத்தை விடலாம். பிறகு பழம், அதன் மேல் உதிர்த்த சீஸ், கடைசியாகக் கச்சான். கச்சான் முதலே போனால் நமுத்துவிடும்.

சாறு பட்ட சலாட் அடுத்த வேளைக்கு நிற்காது. பந்தி பெரிதென்றால் இலையையும் சாற்றையும் தனித்தனியாக வைத்து, இரண்டாம் தடவைக்குப் புதிதாகப் பிரட்டுங்கள். பாலில் பிரிந்த தெளிநீரை ஊற்றிவிடாதீர்கள், ரொட்டிக்கு மாக்குழைக்க அதை விட்டால் ரொட்டி மெத்தென்று வரும்.