வீட்டில் இருக்கும் கிண்ணத்துக்கு முதலில் வழி பாருங்கள்

கேள்வி: பழங்காலத் தாழிகள் புதைந்திருக்கும் ஆதிச்சநல்லூர் பரம்பு மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா காலத்துப் பட்டா மனை இருக்கிறது. வீடு கட்ட வானம் தோண்டியபோது உடைந்த தாழியும் ஒரு வெண்கலக் கிண்ணமும் கிடைத்தன. தொல்லியல் துறை வேலையை நிறுத்தி நோட்டீஸ் கொடுத்துவிட்டது. பக்கத்து மனையில் மாடி வீடே நிற்கிறது. மகள் கல்யாணத்துக்குள் வீட்டை முடிக்க வேண்டும். வழக்குப் போடலாமா? கிண்ணம் என்னிடம்தான் இருக்கிறது.

பதில்: பட்டாவும் பக்கத்து வீடும் உங்களுக்குக் கைகொடுக்காது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து உங்கள் மனை எத்தனை மீட்டர்? பரம்பின் நடுவிலிருந்து அளக்காதீர்கள், எல்லையிலிருந்து அளக்க வேண்டும். 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு அனுமதியே கிடையாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கடுத்த 200 மீட்டருக்குள் என்றால் அனுமதி கேட்கலாம். சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

எனக்குப் பயம் அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் கண்டெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. எடுத்தது கொத்தனார் ஆள்தானே என்று இருந்துவிடாதீர்கள், உடந்தையான நிலச் சொந்தக்காரருக்கும் 6 மாதம் வரை உண்டு. இப்போது வழக்குப் போட்டால், பிரமாணப் பத்திரத்தில் கிண்ணத்தைச் சொன்னாலும் சிக்கல், மறைத்தால் அதைவிடப் பெரிய சிக்கல். வானம் தோண்டிய ஆட்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இடத்துக்காக வழக்குப் போட வந்து, பொருளுக்காக ஜாமீன் கேட்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதைப் புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த அந்தப் பொருளின் மேல் படிந்த பச்சைக் களிம்பைக்கூட ஆய்வாளர்கள் பார்ப்பார்கள். அடையாளத்தை அழிக்கப் பார்த்தீர்கள் என்ற குற்றச்சாட்டும் சேரும். விலை கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1876இல் ஜெர்மனிக்காரர் யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. உங்கள் கிண்ணமாவது இந்த ஊர்ப் பக்கம் இருக்கட்டும் என்பது என் ஆசை.

வழக்கு வேண்டாம். மனை 100 மீட்டருக்குள் என்றால் வேறு இடம் பாருங்கள்; கல்யாணத்தை இப்போது இருக்கும் வீட்டிலேயே நடத்தலாம். கிண்ணம் கிடைத்ததைத் தாமதத்துக்கான காரணத்தோடு சேர்த்து எழுதி, ஒரு வக்கீலோடு போய்க் கலெக்டரிடம் கடிதம் கொடுங்கள். பழைய நினைப்பில் திருநெல்வேலிக்குப் போய்விடாதீர்கள், 1986க்குப் பிறகு ஆதிச்சநல்லூர் தூத்துக்குடி கலெக்டரின் எல்லை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.