பட்டியல் போடுகிறவர் யார்?

கேள்வி: நான் மதுரைப் பெண். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் ஹே ரிவர் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கணவரின் தாத்தா தொடங்கிய கட்டுமானக் கம்பெனி, வடக்கே ரோடு இல்லாத ஊர்களில் வீடும் பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுக்கிறது. மாமனார் அதைக் கணவரிடம் ஒப்படைக்கப் போகிறார். ஐம்பதாம் ஆண்டு மலருக்குக் கம்பெனி வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். எங்களுக்கோ தெற்கே எட்மன்டன் நகரத்தில் குடியேற ஆசை. மூன்று தலைமுறைத் தொழிலைக் கைவிடுவது பாவமா? மூத்த நாத்தனார் இருக்கிறார். குடும்பம் இல்லாதவர் என்பதால் பார்ஜ் பட்டியல், கணக்கு எல்லாம் பார்த்துக்கொள்கிறார். தொழிலில் அவருக்கு ஆர்வம் கிடையாது.

பதில்: பாவ புண்ணியத்தை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மாமனாரின் வீரக்கதைகளுக்கு ஒரு முழுப்பக்கம் கொடுத்த நீங்கள், நாத்தனாரை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள்.

அந்தப் பார்ஜ் பட்டியல் என்றால் என்னவென்று யோசித்தீர்களா? மதுரையில் வீடு கட்டும்போது ஆணி தீர்ந்தால் மேஸ்திரி ஒரு பையனைக் கடைக்கு விரட்டுவார். நீங்கள் சொல்லும் ஊர்கள் மெக்கென்சி நதிக்கரையிலும் ஆர்க்டிக் கடலோரத்திலும் இருப்பவை. நதியே 1,738 கி.மீ. ஓடித்தான் கடலைச் சேர்கிறது. பார்ஜ் என்னும் அந்தத் தட்டைச் சரக்குப் படகு ஜூன் மத்தியில் கிளம்ப ஆரம்பித்தால் அக்டோபர் தொடக்கத்தோடு சரி. அதில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியல். சில ஊர்களுக்குக் குளிர்காலத்தில் உறைந்த நிலத்திலும் நீரிலும் போடும் பனிரோடு உண்டு. சாக்ஸ் ஹார்பர், பாலட்டுக் போன்ற ஊர்களுக்கு அதுவும் கிடையாது. படகில் ஏறாத போல்ட்டுப் பெட்டி விமானத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கோடையில். அதுவரை சுவர் எழும்பாது, ஒப்பந்தப் பணமும் வராது. லாபம், நஷ்டம் இரண்டும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன.

மாமனார் வடகோடி ஊரான இனுவிக்கில் தூண் இறக்கிய கதை நல்ல கதைதான். அங்கே நிலத்தடி மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும். வீட்டுச் சூடு இறங்கினால் மண் உருகி வீடு சாய்ந்துவிடும். அதனால் தூண்மேல் தூக்கிக் கட்டி, அடியில் காற்று ஓட விடுகிறார்கள். சரி, தூண் எத்தனை, நீளம் என்ன என்று குளிர்காலத்திலேயே கணக்குப் போட்டு, தெற்கே ஆர்டர் கொடுத்து, ஜூனுக்குள் ஹே ரிவர் துறைக்கு வரவழைப்பது யார்? மலரில் அந்தக் கேள்விக்கு என்ன எழுதப்போகிறீர்கள்?

“எத்தனையோ சோதனை வந்தும் அதிர்ஷ்டவசமாகத் தப்பித்தோம்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. 2016-இல் நதியில் பார்ஜ் ஓட்டிவந்த பழைய நிறுவனம் நொடித்துப்போய், அதன் படகுகளைப் பிரதேச அரசே வாங்கி ஓட்ட வேண்டியதாயிற்று. 2018-இல் கடல்பனி வழிவிடாமல் பாலட்டுக்குப் பார்ஜ் போகவில்லை. 2022 மே மாதம் உங்கள் ஊரிலேயே வெள்ளம். 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ. இரண்டு முறையும் ஊரையே காலி செய்தார்கள். 2024-இல் நதியில் தண்ணீர் குறைந்து, கரையோர ஊரான நார்மன் வெல்ஸுக்குப் பார்ஜ் நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, எது விமானத்தில், எது பனிரோட்டில், எது அடுத்த வருஷம் என்று புதிதாக உட்கார்ந்து எழுதியது அதிர்ஷ்டமா, அம்மா?

ஆர்வம் இல்லை என்று அவரே சொன்னாரா, நீங்களாக முடிவுகட்டியதா? யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. குடும்பம் இல்லாதவர் என்கிறீர்களே, அப்பாவும் தம்பியும் தம்பி மனைவியும் அவருக்கு யாராம்? பெண் உழைப்பாள், பெயர்ப்பலகையில் பையன் பெயர் ஏறும். நம் ஊர் அரிசி மண்டியிலும் ஜவுளிக்கடையிலும் பார்த்துச் சலித்துப்போன அநியாயம் இது. விருப்பமே இல்லாத உங்கள் கணவர் வெறும் ஆண்பிள்ளை என்பதற்காகக் கம்பெனியை வாங்கிக்கொள்வதுதான் என் கணக்கில் பாவம்.

முதலில் உங்கள் கணவர் அக்காவிடம் தனியாகப் போய்க் கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அது அவர் இஷ்டம், கேட்காமல் விடுவது உங்கள் தப்பு. சரி என்றால், அப்பாவிடம் போய், “எனக்கு வேண்டாம், அக்கா பெயருக்கு எழுதுங்கள்” என்று மகன்தான் வாயைத் திறக்க வேண்டும். நீங்கள் தூது போகாதீர்கள், மருமகள் கலைத்தாள் என்ற பேச்சு வரும். வாய்வார்த்தை போதாது. வக்கீலை வைத்து, பங்கு யாருக்கு, கையெழுத்து அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

வரலாற்றை எழுத உட்காரும்போது மாமனாரைக் கொஞ்சம் காக்க வையுங்கள். நாத்தனாரின் பழைய பட்டியல்களைக் கேட்டு வாங்கி, வருஷ வாரியாக அடுக்கி, அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் எட்மன்டன். தாராளமாகப் போங்கள். ஆனால் கம்பெனியை விட்டதோடு மாமனாரையும் நாத்தனார் தலையில் கட்டிவிட்டுப் போகலாம் என்றால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வருஷத்தில் சில மாதம் மாமனார் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும், மகன் கையால் சாப்பிட வேண்டும். எந்த மாதங்கள் என்பதை நாத்தனார் சொல்லட்டும். சரக்கு ஏற்றும் மாதங்களைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.