சரளி வரிசையும் கச்சேரியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இருபது வருடங்களாகக் கச்சேரி கேட்கிறேன். ராகம் ஓரளவு பிடிபடும், தாளமும் போடத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன், நாற்பத்தாறு வயதில், வயலின் வகுப்பில் சேர்ந்தேன். இன்னும் முதல் பாடமான சரளி வரிசைதான். ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போக விடவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், இப்போதெல்லாம் கச்சேரியில் வயலின்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு மனதில் இறங்குவதில்லை. வீட்டுக்கு வந்து நான் வில் போட்டால் அந்தச் சத்தம் எனக்கே பொறுக்கவில்லை. இருந்த சந்தோஷத்தையும் கெடுத்துக்கொள்கிறேனோ? நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்த வேண்டாம். உங்கள் காதுக்கு இருபது வருடப் பழக்கம், கைக்கு எட்டு மாதம். நீங்கள் தொடும் ரிஷபம் (ரி) பிசகுவது உங்களுக்கே கேட்கிறது என்றால் பாதி வேலை முடிந்திருக்கிறது. பல குழந்தைகளுக்கு அது ஆரம்பத்தில் கேட்பதில்லை, அதனால் தைரியமாக வாசிக்கிறார்கள். பெரியவர்களாகிய நமக்குத்தான் அந்தத் தைரியம் வாய்ப்பதில்லை.

நானும் நாற்பதை நெருங்கும்போதுதான் ஆரம்பித்தேன். ஆசிரியரைக் கேட்காமல் நானே போய் ஒரு வயலின் வாங்கி வந்தேன். அதன் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு, உயரமாக இருந்ததால் தந்திகள் விரல் வைக்கும் பலகையை விட்டு எட்ட நின்றன. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பலமாக அழுத்த வேண்டும், அழுத்த அழுத்த சுருதி ஏறிவிடும். நாலு மாதம் கோளாறு என் கையில்தான் என்று நம்பி மனம் நொந்திருந்தேன். ஒருநாள் ஆசிரியர் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, குதிரையைச் சீவ வேண்டும் என்றார். சீவிய பிறகு அது வேறு வாத்தியம். ஆகவே முதல் காரியமாக உங்கள் வயலினை ஆசிரியரிடம் கொடுத்து ஒரு பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கையிலும் முரண்டு பிடித்தால் உங்கள் மேல் குற்றமில்லை.

சரி, சரளி வரிசைக்கு வருகிறேன். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் இருப்பது வயலின்காரர்களுக்குப் பெரிய கொடை. நம் முறையில் வயலினின் நாலு தந்திகள் ஸ, ப, ஸ, ப (ஷட்ஜம், பஞ்சமம், மறுபடியும் அவையே) என்று சேர்க்கப்படுகின்றன. ஷட்ஜத் தந்தியில் ஸ ரி க ம வாசிக்க விரல்கள் எந்த இடைவெளியில் விழுகின்றனவோ, அதே இடைவெளியில்தான் பஞ்சமத் தந்தியில் ப த நி ஸ வாசிக்கவும் விழும். ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி இருப்பது போலவே தைவதம் (த) பஞ்சமத்தை ஒட்டி இருக்கிறது. காந்தாரமும் (க) மத்யமமும் (ம) நெருங்குவது போலவே நிஷாதமும் (நி) மேல் ஷட்ஜமும். ஒரு தந்தியில் கை படிந்தால் அடுத்ததிலும் படியும். வீணையில் விரலுக்கு வழிகாட்ட மெட்டுகள் என்ற உலோகக் கட்டைகள் உண்டு, வயலினில் வெறும் பலகைதான். அந்தப் பலகையில் இடம் பிடித்துக் கொடுப்பது இந்த வரிசைகள். உங்கள் ஆசிரியர் அவசரப்படாதது நல்ல அறிகுறி.

ஒன்று செய்து பாருங்கள். வயலினைச் சுத்தமாகச் சுருதி சேர்த்துக்கொண்டு, கடைசிப் பஞ்சமத் தந்தியில் மேல் ஷட்ஜத்தை நீள வில்லில் வாசியுங்கள். விரல் மிகச் சரியான இடத்தில் விழுந்தால், பக்கத்தில் யாரும் தொடாத ஷட்ஜத் தந்தியும் அதிரும். கண்ணாலேயே பார்க்கலாம். சட்டென்று வில்லை எடுத்தால் அந்த ஒலி கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். மயிரிழை தள்ளினாலும் இது நடக்காது. பலமாதங்கள் மாலைப் பொழுதுகளை நான் இதற்காகவே செலவழித்திருக்கிறேன். வீண் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்புறம் கச்சேரி. விரலைப் பார்ப்பது தவறில்லை, அந்தப் பசி கொஞ்ச காலம் இருக்கும். ஒரு கச்சேரியை முழுக்கப் பார்த்தே தீர்த்துவிடுங்கள். அடுத்ததில் வயலின்காரர் கை தெரியாத பக்கமாக உட்கார்ந்து மிருதங்கத்தைக் கேளுங்கள். சாதாரணத் தோல் கருவியில் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது, அதனால் அதற்குத் தெளிவான ஸ்வரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், இருக்கும் சோறு என்ற கருப்புப் பூச்சுதான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1920இலேயே எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பாடகரின் ஷட்ஜத்தோடு மிருதங்கத்தின் ஷட்ஜம் வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும். அவர்கள் சுருதி சேர்ப்பதைக் கேட்பதற்காகவே முடிந்தவரை முன்னதாகப் போய்விடுகிறேன். நீங்களும் போங்கள்.

அந்தப் பக்கத்துத் தந்தி முதல் முறை அதிர்ந்த அன்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.