ஆள் இல்லாத கரை

கேள்வி: கோடை விடுமுறைக்குக் கூட்டமே இல்லாத, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு கடற்கரையில் குடும்பத்தோடு நாலு நாள் இருந்துவிட்டு வர ஆசை. அந்தமானில் ஹேவ்லாக் போங்கள் என்கிறார் மச்சான். அவ்வளவு தூரம் எதற்கு, பழவேற்காட்டுப் பக்கம் போனால் வெறும் கரைதானே என்கிறான் காலேஜ் படிக்கும் மகன். நம்ம வடசென்னையில்தான் கடற்கரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லையே! எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுருக்கென்று தைத்தது. நமக்குக் கடற்கரை இல்லாமல் இல்லை, இருந்தது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வருஷத்தில் பெரும்பகுதி அதுதான் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள், வந்த மணல் அதில் முட்டித் தெற்கே குவிந்தது, மெரினா அகலமானது, ராயபுரம் தொடங்கி வடக்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர் நம்ம மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார் ஐயா. நமக்குக் கிடைத்தது எண்ணூர் சாலையோரம் லாரி லாரியாகக் கொட்டிய கருங்கல்.

சரி, மச்சான் சொன்ன ஊருக்கு வருவோம். ஹேவ்லாக்குக்கு 2018இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். அங்கே ராதாநகர் கடற்கரை அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடத்தில், அதுவும் சாயங்காலம் சூரியன் இறங்கும் நேரத்தில், ஆள் நடமாட்டம் இருக்காது என்று எப்படி நினைத்தீர்கள்? நிஜமாகவே ஒதுங்கியிருக்க வேண்டுமானால் லாங் ஐலண்டின் லாலாஜி பே, லிட்டில் அந்தமானின் பட்லர் பே என்று இன்னும் உள்ளே போக வேண்டும். அதற்கு இன்னொரு கப்பல், இன்னொரு நாள். நாலு நாளில் நடக்காது.

ஹேவ்லாக்கே போதும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தங்கும் விடுதிகள் நிறைய இருப்பது தீவின் கிழக்குக் கரையில். விளம்பரப் படத்தில் வாசலிலேயே நீலத் தண்ணீர் நிற்கும். நம்ம ஊரில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான், அங்கே இரண்டு மீட்டர் வரை போகும். வற்றும் நேரத்தில் தண்ணீர் எங்கோ தூரத்துக்குப் போய்விட, வாசலில் பாறையும் செத்த பவளமும்தான் கிடக்கும், குழந்தைகள் காலைக் கிழித்துக்கொள்ளும். குளிப்பதற்கு மேற்கே இருக்கும் ராதாநகருக்கே போங்கள். அங்கே ஓர் ஓரத்தில் நீல்ஸ் கோவ் என்று சின்னக் குடா உண்டு, பார்த்தால் இதைத்தானே தேடினோம் என்று தோன்றும். 2010இல் அங்கே ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அது போட்டோ எடுக்க வைத்ததில்லை.

அப்புறம், பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் சரி. வனவிலங்குச் சட்டத்தில் பவளத்துக்குப் பாதுகாப்பு உண்டு, திரும்பும்போது விமான நிலையத்தில் மாட்டினால் விடுமுறை அங்கேயே முடிந்துவிடும். மணல் ஈ கடிக்கும், வாரக்கணக்கில் அரிக்கும். தேங்காய் எண்ணெய் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் மகன். பழவேற்காட்டை அவன் 'வெறும் கரை' என்கிறான். அவன் போகும் நேரத்தில் படகு கடலில் இருக்கும், அதனால் கரை வெறுமையாகத் தெரியும், அவ்வளவுதான். அது நாலு தலைமுறையாக வலை காயப் போடுகிறவர்களின் இடம். 2011 டிசம்பர் 25 அவனுக்கு நினைவிருக்காது, சின்னப் பையனாக இருந்திருப்பான். கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள்.

நானும் அந்த வயதில் அவனைப் போலத்தான் இருந்தேன். திருவொற்றியூர்ப் பக்கம் கல் கொட்டாமல் விட்டிருந்த கொஞ்சம் மணலில், இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் பத்துப் பதினைந்து அடிக்குத் தண்ணீர் சும்மா, லேசாகக் கலங்கி, அமைதியாகக் கிடந்தது. புத்திசாலித்தனமாக அங்கே இறங்கினேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "அலை ஒடையாத எடத்துலதான்டா தண்ணி திரும்பி உள்ள போவுது, அதுல எறங்குறியே கஸ்மாலம்!" கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் திரும்புமாம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் களைத்துவிடுவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அதோடு கரையேற வேண்டும். இதையெல்லாம் என் காலரை விடாமலே சொல்லிக்கொடுத்தார். நீங்கள் கேட்ட மாதிரி அன்றைக்கு அந்தக் கரையில் ஆளே இல்லாமல் இருந்திருந்தால், இந்தப் பதிலை எழுத இன்று நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே மச்சான் கட்சிதான் ஜெயித்தது, ஆனால் தேதியைப் பார்த்துப் போடுங்கள். தென்மேற்குப் பருவமழை நமக்கு முன்னால் அந்தமானுக்குத்தான் வரும், மே மூன்றாம் வாரத்திலேயே கடல் கொந்தளிக்க ஆரம்பிக்கும், தீவுக்குத் தீவு ஓடும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த கையோடு கிளம்புங்கள். கப்பலில் போகலாம் என்று மச்சான் ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள், போகவே மூன்று நாள் ஆகும். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மகனுக்குப் பழவேற்காடுதான் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் நண்டு தின்றுவிட்டு வரட்டும். தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால், முதலில் வலை பின்னுகிற யாரிடமாவது கேட்கச் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.