ஓல்டு ஃபேஷன்டு: அடியில் தங்கும் சர்க்கரைக்கு ஒரு வழி

வணக்கம். வீட்டில் கலக்கும் ஓல்டு ஃபேஷன்டு என்ற விஸ்கி காக்டெயிலில் சர்க்கரை அடியில் தங்கி, முதல் மடக்கு கசந்து, கடைசி மடக்கு திகட்டுவதாக எழுதியிருந்தீர்கள். சர்க்கரை மதுவில் எளிதில் கரையாது. ஐஸ் பட்டுக் குளிர்ந்தபின் இன்னும் கரையாது. ஆகவே சர்க்கரையையும் வெந்நீரையும் சம அளவில் கலந்து ஆறவைத்த பாகில் 1 தேக்கரண்டி எடுத்து, 60 மில்லி விஸ்கியை ஊற்றி, பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரத்தின் பாட்டிலைக் கோப்பைக்குள் 2 முறை உதறி, சிறு கிண்ணத்தில் உறையவைத்த ஒரே பெரிய ஐஸ்கட்டியோடு அரை நிமிடம் கிளறுங்கள். மதுரையின் சித்திரை வெயிலில் சிறு கட்டிகள் விரைவில் உருகிப் பானத்தை நீர்த்துப்போகச் செய்துவிடும். ஆரஞ்சுத் தோலை உள்வெள்ளை இல்லாமல் சீவி, கோப்பையின் மேல் முறுக்கிவிடுங்கள். பாகுக்குப் பதிலாக நன்னாரி சர்பத் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் ஊற்றிப் பார்த்திருக்கிறேன், விஸ்கியின் மணம் இருந்த இடமே தெரியவில்லை.