தாவீது ராஜா பேரு பைபிளுக்கு வெளிய எங்கயாவது இருக்கா?

இருக்குங்க, அதுவும் எதிரி வெட்டி வச்ச கல்வெட்டுலயே! இஸ்ரேல் வடக்கு ஓரத்துல டெல் டான்னு ஒரு மேடு, 1993ல தொல்லியல் ஆய்வாளர் அவ்ராம் பிரான் டீம் அங்க தோண்டிட்டு இருந்தப்ப, சர்வேயர் கிலா குக் கண்ணுல தற்செயலா பட்டுச்சு, வெயில் சாய்வா விழுந்ததால ஒரு சுவர்க் கல்லுல எழுத்து தெரிஞ்சுருக்கு. யாரோ பழைய கல்வெட்ட உடைச்சு சுவருக்குப் போட்டுட்டாங்க, நினைச்சா வயிறு எரியுது.

கருப்பு பசால்ட் கல்லு, கிமு 9ம் நூற்றாண்டு அராமிக் மொழி எழுத்து. டமாஸ்கஸ் ராஜா ஹசாயேல் வச்சதுன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. அதுல "பைத்தாவீத்"னு இருக்கு, அதாவது தாவீதோட வீடு, தாவீது வம்சம். மத்த வார்த்தைங்களுக்கு நடுவுல புள்ளி வச்சவன் இங்க மட்டும் சேர்த்து எழுதிட்டான், அதனால இது தாவீதே இல்லன்னு சிலர் வாதாடினாங்க. ஆனா அசீரியாக்காரங்களும் இஸ்ரேல, அங்க ஆண்ட ஒம்ரி ராஜா பேர வச்சு "ஒம்ரி வீடு"ன்னுதான எழுதினாங்க, அதனால எனக்கு சந்தேகமே இல்ல.