வந்த டாலரை உடனே மாற்றுவதா, வைத்திருப்பதா?

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்து ஏற்றுமதி செய்கிறோம். அப்பா காலத்தில் டாலர் வந்ததுமே வங்கியில் கொடுத்து ரூபாயாக்கிவிடுவார். இப்போது டாலராகவே வைத்திருக்கலாமாமே? ரேட் ஏறும்வரை வைத்திருக்கட்டுமா?

பதில்: நெடுநாள் வைத்திருக்க முடியாது. இ.இ.எஃப்.சி. கணக்கில், அதாவது ஏற்றுமதியில் வந்த டாலரை டாலராகவே வைக்கும் வங்கிக் கணக்கில், ஒரு மாதம் சேரும் டாலரில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகளுக்குப் போக மீதியை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும். வட்டியும் கிடையாது.

அப்பா செய்தது அன்றைய சட்டப்படி. 1947, 1973 அந்நியச் செலாவணிச் சட்டங்கள் இருந்த காலத்தில் ஏற்றுமதியாளர் டாலரை ஒப்படைத்தே தீர வேண்டும். எண்ணெய்க்கும் இயந்திரத்துக்கும் கொடுக்க நாட்டிடம் டாலர் போதவில்லை. வட ஆற்காட்டுத் தோல் தொழிலையே அந்தத் தட்டுப்பாடு மாற்றியது. ஆவாரம் பட்டையில் அரைப் பதனீடு செய்த தோலை அப்படியே கப்பலேற்றி வந்தவர்கள் நம்மவர்கள். அதே தோலைச் செருப்பாகவும் ஷூவாகவும் விற்றால் கூடுதல் டாலர் வரும் என்று 1972-இல் அரசு அமைத்த சீதாராமையா குழு சொன்னது. அடுத்த ஆண்டே அரைப் பதனீட்டுத் தோல் ஏற்றுமதிக்குக் கோட்டா வந்தது. நீங்கள் இன்று அப்பர் தைப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

அன்று ரேட்டை அரசு தீர்மானித்தது. 1966 ஜூனில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து ஒரே அறிவிப்பில் 7.50 ஆனது. 1991 ஜூலையில் மூன்று நாள் இடைவெளிக்குள் ரூபாயின் மதிப்பை இரண்டு முறை குறைத்தார்கள். 1992 மார்ச்சில் டாலரில் 40 சதவீதத்துக்கு அரசு விலை, 60 சதவீதத்துக்குச் சந்தை விலை என்றானது. 1993 மார்ச்சில் முழுவதும் சந்தை விலைதான். 2000 ஜூனில் பழைய சட்டத்துக்குப் பதிலாக ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது. கெடுபிடி தளர்ந்தது நல்லதே. ஆனால் ரேட் ஏற்ற இறக்கத்தின் பாரம் உங்கள் தலைக்கு வந்துவிட்டது.

கூலி, மின்சாரம், உள்ளூர்த் தோல் எல்லாம் உங்களுக்கு ரூபாய்ச் செலவு. அந்த அளவுக்கு ஆர்டர் உறுதியான அன்றே ஃபார்வர்டு போட்டுவிடுங்கள்; அதாவது பின்னால் வரும் டாலரை என்ன ரேட்டில் விற்பது என்று வங்கியோடு இன்றே ஒப்பந்தம் செய்துவிடுங்கள். நம் வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை, டாலர் விற்பவருக்கு ஃபார்வர்டில் பிரீமியமும், அதாவது இன்றைய ரேட்டைவிடச் சற்றுக் கூடுதல் ரேட்டும், கிடைக்கும். முழுத் தொகைக்கும் போடாதீர்கள். பையர் ஆர்டரைக் குறைத்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் நஷ்டம் உங்களுடையது. வெளிநாட்டு லைனிங், கெமிக்கல் வாங்குவதற்கு வேண்டியதை மட்டும் டாலராக வையுங்கள். அதை ரூபாயாக்கி மறுபடி டாலர் வாங்கினால் இரண்டு பக்கமும் வங்கிக்குத்தான் லாபம்.

வங்கி ரேட் சொல்லும்போது சந்தை விலை எவ்வளவு, அவர்கள் மார்ஜின் எத்தனை பைசா என்று பிரித்துக் கேளுங்கள். இன்னொரு வங்கியிலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.